"மதுரையில என்ன இருக்கு"ன்னு கேக்குற வீட்டுக்காரரோட ராத்திரி ஊர் சுத்துறது எப்படி?

வாசகி கேட்டது: வணக்கம் மேடம். எனக்கு வயசு 28, சொந்த ஊரு கோயம்புத்தூர். கல்யாணமாகி மதுரைக்கு வந்து 1 வருஷம் 4 மாசம் ஆகுது. வீட்டுக்காரர் கீழமாசி வீதியில மளிகை மொத்த வியாபாரம் பண்றாரு, நான் வீட்டுல இருந்தே கம்ப்யூட்டர்ல கம்பெனி வேலை பாக்குறேன். பழங்காநத்தத்துல மாமனார் மாமியாரோட இருக்கோம். அவர் ராத்திரி 9 மணிக்கு வந்து குளிச்சுட்டு 10 மணிக்கு பிரெண்ட்ஸோட கிளம்பிடுவாரு, பரோட்டா, டீ, அரட்டைன்னு 12 மணிக்குத்தான் வருவாரு. எங்கயாவது கூட்டிட்டுப் போங்கன்னு கேட்டா "மதுரையில என்ன இருக்கு, எங்க போறது"ங்கிறாரு. ரெண்டு தடவை மாலுக்குப் போனோம், ரெண்டு தடவையும் உக்காந்து போன்ல கிரிக்கெட் பாத்தாரு. விசேஷ வீட்டுக்குப் போனா அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அத்தை "விளக்கு வச்ச பிறகு வெளிய என்ன வேலை"ங்கிறாங்க. மத்தபடி நல்ல மனுஷன்தான். பிரெண்ட்ஸோட சேர்ந்து எப்பவாவது குடிப்பாரோன்னு ஒரு சந்தேகம் இருக்கு, ஆனா கேட்டதில்ல. நான் ஆசைப்படுறது தப்பா மேடம்? எங்க போறது, எப்படி ஆரம்பிக்கிறது?

பதில்:

உங்க கடிதத்த ரெண்டு தடவை படிச்சேன்ம்மா. "தப்பா"ன்னு கேட்டிருக்கீங்க பாருங்க, அந்த வார்த்தைதான் எனக்கு ரொம்ப நேரம் மனசுல நின்னுச்சு. கட்டுன புருஷனோட ராத்திரி ஒரு மணி நேரம் வெளிய நடந்துட்டு வரணும்னு ஒரு பொண்ணு ஆசைப்படுறதுக்கு அனுமதி கேக்குற மாதிரி ஆகிப்போச்சே, அது தப்பே இல்ல, நியாயமான ஆசை, இன்னும் சொல்லப்போனா இந்த ஆசை உங்களுக்குள்ள செத்துப்போறதுக்கு முன்னாடி எழுதினீங்களேன்னு எனக்கு சந்தோஷம். இந்த ஊர்ல ரொம்ப வருஷமா குடும்ப ஆலோசனை குடுத்துட்டு இருக்கேன், கல்யாணமாகி பத்து வருஷம் கழிச்சு வர்ற ஜோடிங்க கிட்ட "ரெண்டு பேரும் மட்டும் கடைசியா எப்ப வெளிய போனீங்க"ன்னு கேட்டா ஒருத்தர் முகத்த ஒருத்தர் பாத்துட்டு ஆஸ்பத்திரிக்குப் போனத சொல்லுவாங்க. அந்த நிலைமைக்கு நீங்க இன்னும் வரல.

முதல்ல உங்க வீட்டுக்காரர் சொன்னதுக்கு வர்றேன். "மதுரையில என்ன இருக்கு"ன்னு இந்த ஊர்ல பிறந்து வளர்ந்தவங்கதான் சொல்லுவாங்க, வெளியூர்க்காரங்க சொல்லி நான் கேட்டதே இல்ல. இந்த ஊருக்குப் பேரே தூங்கா நகரம். மதுரைக்காஞ்சியில பகல் கடைத்தெருவுக்கு நாளங்காடி, சாயங்காலக் கடைத்தெருவுக்கு அல்லங்காடின்னு ரெண்டு பேர் வருது, அதுலயே ராத்திரி ரொம்ப நேரம் அடையும் மோதகமும் வித்துட்டு இருந்தவங்க அப்படியே உக்காந்தபடி தூங்கி விழுறத மாங்குடி மருதனார் எழுதி வச்சிருக்காரு. ரெண்டாயிரம் வருஷத்துக்குக் கிட்ட ஆகப்போற பாட்டும்மா அது, இன்னிக்கும் ராத்திரி 11 மணிக்கு விளக்குத்தூண் பக்கம் போனீங்கன்னா அதே மாதிரி ஒரு பணியாரக்கார அம்மா கன்னத்துல கை வச்சு கண்ணசந்து உக்காந்திருக்கிறத நீங்களே பாக்கலாம்.

உங்க வீட்டுக்காரருக்கு இதெல்லாம் தெரியாமயா இருக்கும்? தினமும் ராத்திரி 10 மணிக்கு அவர் கிளம்பிப் போறது இந்த ஊருக்குள்ளதானே. ஊர்ல ஒண்ணும் இல்லைன்னா ரெண்டு மணி நேரம் அவர் எங்க இருந்தாரு? அவர் மனசுல ரெண்டு மதுரை இருக்கு. ஒண்ணு அவரும் பசங்களும் சுத்துற மதுரை, இன்னொண்ணு பொண்டாட்டிய கூட்டிட்டுப் போற மதுரை. ரெண்டாவது மதுரையில மாலும் புடவைக் கடையும் ஏசி ஹோட்டலும்தான் இருக்கு, அது அவருக்கே போரடிக்குது, அதான் போன எடுத்துடுறாரு. நீங்க கேக்க வேண்டியது அந்த முதல் மதுரைய. "எங்கயாவது கூட்டிட்டுப் போங்க"ன்னு கேட்டா அவர் மண்டையில மால்தான் வரும். "நீங்க பசங்களோட பரோட்டா சாப்பிடுற கடைக்கு என்னையும் ஒரு நாள் கூட்டிட்டுப் போங்க, அதே கடை, அதே பெஞ்சு"ன்னு கேட்டுப் பாருங்க. முதல்ல கொஞ்சம் முழிப்பாரு. "அங்கயெல்லாம் பொம்பளைங்க வர மாட்டாங்க"ம்பாரு. வருவாங்க, குடும்பம் குடும்பமா வந்து உக்காந்து சாப்பிடுறாங்க, நானே வாரத்துக்கு ஒரு தடவை பாக்குறேன்.

இப்ப எப்படி ஆரம்பிக்கிறதுன்னு கேட்டீங்க. இத்தனை வருஷ அனுபவத்துல சொல்றேன், அவர் வீட்டுக்கு வந்த பிறகு கிளம்பலாம்னு பிளான் போடாதீங்க. ஆம்பளைங்க வீட்டுக்கு வந்து சட்டையக் கழட்டி கைலி கட்டிட்டாங்கன்னா அவ்ளோதான், மறுபடி பேன்ட் போட வைக்கிறதுக்குள்ள உங்களுக்கு மூச்சு வாங்கிடும், அந்த எரிச்சலோட வெளிய போனா பேச்சு எங்க ஆரம்பிக்கும்னு உங்களுக்கே தெரியும். அதனால நீங்க கடைக்குப் போங்க. வாரத்துல ஒரு நாள், புதன்கிழமைன்னு வச்சுக்கங்களேன், உங்க வேலைய 7 மணிக்கே முடிச்சுட்டு, நல்ல துணி கட்டிட்டு, பஸ்ஸோ ஆட்டோவோ பிடிச்சு 8 மணிக்கு கீழமாசி வீதியில இறங்குங்க. கடை அடைக்கிற நேரம். அவர் கணக்கு முடிக்கிறத அரை மணி நேரம் உக்காந்து பாருங்க. கல்யாணமாகி இத்தனை மாசத்துல கடையில அவர் எப்படி இருப்பாருன்னு நீங்க முழுசா பாத்திருக்கீங்களா? மூட்டை இறக்குறவர் கிட்ட ஒரு பேச்சு, பாக்கி தரவேண்டியவர் கிட்ட வேற பேச்சுன்னு பாதி நாளு அவர் அங்கதான் வாழுறாரு. வீட்டுல வந்து வாயத் திறக்காத மனுஷன் கடையில சிரிச்சுப் பேசுறத பாத்துட்டு ஒரு அம்மா என் கிட்ட வந்து அழுதாங்க, அது கோவத்துல வந்த அழுகை இல்ல, இந்த ஆள எனக்குத் தெரியாமப் போச்சேன்னு வந்த அழுகை.

அங்க இருந்து கோயில் நடக்குற தூரம்தான். சித்திரை வீதிக்குள்ள வண்டி விடுறதில்ல, அதனால ராத்திரியில அங்க நடக்குறது மாதிரி சுகம் இந்த ஊர்ல வேற எங்கயும் இல்ல, கல்லு பாவின தரை, பகல் சூடு இறங்கியிருக்கும், கோபுரத்துல விளக்கு, ஓரத்துல குடும்பங்க உக்காந்து புளியோதரை பிரிச்சு சாப்பிட்டுட்டு இருக்கும். அவசரமில்லாம ஒரு சுத்து சுத்தி வாங்க. அப்புறம் 9 மணி வாக்குல உள்ள போயிடுங்க, பள்ளியறை பூஜைக்கு. சுவாமி சன்னிதியில இருந்து சொக்கநாதரோட பாதுகைய பல்லக்குல வச்சு மேளதாளத்தோட அம்மன் சன்னிதி பள்ளியறைக்கு கொண்டு போவாங்க. தினமும் ராத்திரி சாமியே அம்மன் இருக்கிற இடத்துக்குத்தான் போறாரு. உங்க வீட்டுல மதுரையா சிதம்பரமான்னு கேலி பேசுவாங்களே, அந்தப் பேச்சு வந்ததே இந்த ஊரு மீனாட்சி ஆட்சிங்கிறதாலதான். நான் பக்திக்காக மட்டும் சொல்லல. 2018 பிப்ரவரியில கோயிலுக்குள்ள வீரவசந்தராயர் மண்டபத்துல தீப்பிடிச்சுச்சு, அதுக்கப்புறம் உள்ள செல்போன் கொண்டு போகக் கூடாதுன்னு ஆயிடுச்சு, வாசல்லயே கவுண்டர்ல குடுத்து டோக்கன் வாங்கணும். யோசிச்சுப் பாருங்க, ரெண்டு பேர் கையிலயும் போன் இல்லாத ஒரு மணி நேரம், நீங்க சண்டை போட்டு வாங்க வேண்டியதில்ல, வாசல்லயே வாங்கி வச்சுக்கிறாங்க. போன வச்சுட்டு உள்ள போனதும் அவர் கை சட்டைப் பைய தடவும், ரெண்டு மூணு தடவை தடவும், அப்புறம் நின்னுடும். அதுக்கப்புறம் அவர் பேசுற பேச்ச கவனிங்க.

நடை சாத்தி வெளிய வந்ததும் நேரா வீட்டுக்குப் போயிடாதீங்க. முன்னாடியே பூக்காரம்மாவ பாத்து வச்சுக்கங்க. மதுரை மல்லிக்கு 2013ல புவிசார் குறியீடு குடுத்தாங்க, ஆனா அந்தக் காகிதத்துக்கு முன்னாடியே இந்த ஊரு பொம்பளைங்களுக்கு தெரியும் அது எப்படிப்பட்ட பூன்னு. விடியறதுக்கு முன்னாடி மொட்டா பறிச்சது சாயங்காலம் இருட்டுற நேரத்துக்குத்தான் வாய் திறக்கும், அதனால ராத்திரியில வாங்குற பூவுக்கு வாசனை தனி. அந்தம்மா முழங்கையில இருந்து விரல் நுனி வரைக்கும் அளந்து, பெரிய மனசு இருந்தா ஒரு விரக்கடை சேர்த்து விட்டு, நார பல்லுல கடிக்காம நகத்தாலயே கிள்ளி, வாழை இலையில சுருட்டித் தருவாங்க. காச அவர் குடுக்கட்டும். நீங்க பைய திறக்காதீங்க. சின்ன விஷயமா தெரியும், ஆனா வீட்டுக்குக் கட்டுக்கட்டா பணம் குடுக்கிற எத்தனையோ பேருக்கு பொண்டாட்டிக்குன்னு நின்னு ஒரு முழம் பூ வாங்கிக் குடுத்து பழக்கமே இல்ல, கூச்சப்படுறாங்க, அந்தக் கூச்சம் போகணும்.

அப்புறம் சாப்பாடு. விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா ஒரு கிளாஸ் வாங்கி ரெண்டு ஸ்பூன் கேளுங்க. கிளாஸுக்கு அடியில ஊற வச்ச பாதாம் பிசின், மேல நன்னாரி சர்பத், சுண்டக் காய்ச்சி குளிர வச்ச பால், அதுக்கு மேல ஐஸ்கிரீம், அவங்க கலக்காம குடுப்பாங்க, நீங்களும் உடனே கலக்காதீங்க, மேல இருந்து கொஞ்சம் சாப்பிட்டுட்டு அடியில ஸ்பூன விட்டு பிசின எடுங்க, அந்த வழுக்கல் சிலருக்குப் பிடிக்காது, கோயம்புத்தூர்ல வளர்ந்தவங்களுக்கு முதல் தடவை முகம் சுளிக்கும், அவர் சிரிப்பாரு, சிரிக்கட்டும். குளிர் வேணாம்னா பருத்திப்பால் இருக்கு, சுக்கும் கருப்பட்டியும் போட்டு சூடா. பசிச்சா சிம்மக்கல் பக்கம் கறிதோசை, இல்லைன்னா அவரோட பரோட்டாக்கடை. கொத்து பரோட்டா போடுற கல்லுக்குப் பக்கத்துலயே டேபிள் கிடைச்சா உக்காருங்க, அந்த ரெண்டு தகடும் கல்லுல விழுற சத்தத்துல நீங்க பேசுறது அவருக்குக் கேக்காது, பக்கத்துல குனிஞ்சுதான் பேசியாகணும்.

அன்னிக்கு ராத்திரி ஒரே ஒரு கட்டுப்பாடு வச்சுக்கங்க. அத்தை சொன்னது, நாத்தனார் கேட்டது, சீட்டுப் பணம், கரண்ட் பில்லு, "நீங்க ஏன் தினமும் லேட்டா வர்றீங்க" எல்லாம் வீட்டுல பேசிக்கங்க, ஊர் சுத்துற ராத்திரியில வேணாம். நிறைய பேர் இங்கதான் சறுக்குறாங்க, ஆறு நாள் பேசக் கிடைக்காத குறைய எல்லாம் ஏழாவது நாள் பரோட்டாவுக்கு நடுவுல கொட்டிடுறாங்க, அடுத்த வாரம் அந்த மனுஷன் எப்படி ஆசையா வருவாரு? அதுக்குப் பதிலா அவர் சின்ன வயசப் பத்தி கேளுங்க. எந்த ஸ்கூல் கட் அடிச்சு எந்த தியேட்டருக்குப் போனாரு, முதல் முதல்ல சம்பாதிச்ச காசுல எந்தக் கடையில சாப்பிட்டாரு, இந்த மாசி வீதியில தேர் பாக்குறதுக்கு எந்த வீட்டு மொட்டை மாடியில ஏறுனாரு. ஊரச் சுத்திக்காட்டுற சாக்குல அவரே அவர உங்களுக்குக் காட்டிடுவாரு.

மார்க்கெட்டுக்குப் போறதுன்னா மட்டும் இந்த முறைய மாத்தி நீங்க முன்னாடி நடங்க. அவர் தெரிஞ்ச இடத்துக்கே எப்பவும் போயிட்டு இருந்தா நீங்க என்னிக்கும் விருந்தாளிதான். அவரும் உங்களோட சேர்ந்து புதுசா பாக்குற மாதிரி ஒரு இடம் வேணும். மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை காலையில 5 மணிக்கு எழுப்பி மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு கூட்டிட்டுப் போங்க. மூட்டை மூட்டையா மல்லி, பிச்சி, முல்லை, அரளி, சம்பங்கி வந்து இறங்கும், தராசுல கிலோ கணக்குல போகும், முகூர்த்த நாளைக்கு முந்தின நாள் ஒரு விலை, மறுநாள் பாதி விலை. அவர் மொத்த வியாபாரி, சும்மா இருக்க மாட்டாரு, யாரு யாருக்கு குடுக்குறாங்க, கமிஷன் எவ்வளவுன்னு நோட்டம் விட ஆரம்பிச்சுடுவாரு. பேரம் பேசுற வேலைய அவர் கிட்ட விட்டுட்டு நீங்க பக்கத்துல நின்னு ரசிங்க, அது அவர் தொழில்ல கத்துக்கிட்ட கலை, அத நீங்க ரசிக்கிறீங்கன்னு அவருக்குத் தெரியட்டும். திரும்பி வர்றப்ப ஒரு கடையில நின்னு டீயும் வடையும். 7 மணிக்குள்ள வீட்டுல இருப்பீங்க, அத்தை கையில பூவ குடுத்தா ஏன் போனீங்கன்னு கேக்க மாட்டாங்க.

துணிக்கடை மட்டும் ஜோடியா போக வேணாம்னு நான் சொல்லுவேன், இதுல யாரும் என்னோட ஒத்துப்போகலைன்னாலும் பரவால்ல. தீபாவளி நேரத்துல விளக்குத்தூண்ல ஜவுளிக்கடை வாசல்ல பை பிடிச்சுட்டு நிக்கிற ஆம்பளைங்க முகத்த பாத்திருக்கீங்களா? சுங்குடி சேலை வாங்கணும்னா பிரெண்டோட போங்க, அத்தையோட போங்க, அவங்களுக்கும் சந்தோஷம். கூடவே வரணும்னு அவர் ஆசைப்பட்டா ஒரு மணி நேரம்னு பேசி வச்சுட்டுப் போங்க, அந்த நேரத்த நீங்களும் மதிங்க.

விசேஷ வீடுகளப் பத்தி எழுதியிருந்தீங்க. காதுகுத்து, கல்யாணம், மொய்க்காகவே வைக்கிற வசந்த விழான்னு மதுரையில வாரத்துக்கு ரெண்டு பத்திரிகை வரும், போகாம இருக்கவும் முடியாது. அதையே உங்க ராத்திரியா மாத்திக்கலாம், ரெண்டு விஷயம் முன்கூட்டியே பேசி வச்சுட்டாப் போதும். ஒண்ணு, பந்தியில பக்கத்துல பக்கத்துல உக்காரணும். மொய் எழுதிட்டு அவர் பங்காளிங்களோட நிக்கட்டும், நீங்க அத்தை கூட இருங்க, ஆனா சாப்பிடுறப்ப அவர் வந்து உங்கள கூப்பிடணும். ரெண்டாவது, அவரோட கடைக்காரங்க, பிரெண்ட்ஸ் யாராவது வந்தா "வீட்டுல"ன்னு கைய காட்டிட்டு விட்டுடாம உங்க பேர சொல்லி, என்ன வேலை பாக்குறீங்கன்னு சொல்லி அறிமுகப்படுத்தணும். இத நீங்க கோவமா கேக்காம ஆசையா கேளுங்க, "ஏங்க, என் பேர சொல்லுங்க, எனக்கு நல்லா இருக்கும்"னு. மண்டபத்துல இருந்து வர்ற வழியில தெப்பக்குளம் பக்கம்னா வண்டிய நிறுத்தி அந்த சுத்துச்சுவர்ல அரை மணி நேரம் காத்து வாங்குங்க, பட்டுச்சேலையோட உக்காந்திருக்கீங்களேன்னு யாரும் பாக்க மாட்டாங்க, பாதி பேர் அப்படித்தான் வந்திருப்பாங்க.

அப்புறம் சித்திரை மாசம். போன வருஷம் திருவிழாவ டிவியில பாத்தீங்களோ என்னமோ, இந்த வருஷம் நேர்ல பாருங்க. மீனாட்சி திருக்கல்யாணத்தன்னிக்கு ஊர்ல இருக்கிற சுமங்கலிங்க தாலிக்கயிறு மாத்துவாங்க, சேதுபதி ஸ்கூல்ல கல்யாண விருந்து நடக்கும், சாமி கல்யாணத்துக்கே ஜனங்க மொய் எழுதிட்டுப் போவாங்க. நீங்களும் ரெண்டு பேர் பேரையும் சேர்த்து எழுதுங்க. அழகர் ஆத்துல இறங்குற விடியக்காலைக்கு மட்டும் ஆத்துக்குப் பக்கத்துல போகாதீங்க, 2022ல அந்த நெரிசல்ல ரெண்டு பேர் செத்துப்போனாங்க, எனக்கு இன்னும் அது மனச விட்டுப் போகல. அதுக்கு முந்தின ராத்திரி, ஊருக்குள்ள வர்ற அழகர ஜனங்க எதிர்கொண்டு வரவேற்குற எதிர்சேவைக்குப் போங்க, மூணுமாவடி தாண்டி தல்லாகுளம் வரைக்கும் வழி நெடுக மண்டகப்படி, எங்கயாவது அகலமான இடத்துல நின்னு பாக்கலாம். அதவிட நல்லது, ஆத்துல இறங்கின மறுநாள் ராத்திரி ராமராயர் மண்டபத்துல விடிய விடிய தசாவதாரம் நடக்கும், ஒரே ராத்திரியில அழகர் அவதாரம் அவதாரமா அலங்காரம் மாறி வருவாரு. ஒவ்வொண்ணுக்கும் நடுவுல காத்திருக்கணும், அந்தக் காத்திருப்புலதான் பாய விரிச்சு உக்காந்து பேசுறது, தூங்கி விழுறது, டீ வாங்கிட்டு வர்றது எல்லாம். செயின கழட்டி வீட்டுல வச்சுட்டு மஞ்சக்கயிறோட போங்க. தமுக்கத்துல பொருட்காட்சி போட்டிருந்தா அது ஒரு சாயங்காலம், ராட்டினமும் தட்டு அகலத்துக்கு டெல்லி அப்பளமும், அது தானா நடந்துடும், நான் சொல்லவே வேணாம்.

இனி அத்தை. அவங்கள எதிர்த்துப் பேசி ஜெயிச்சு வெளிய போகாதீங்க, வீட்டுக்காரர வச்சும் பேச விடாதீங்க. ஒரு மத்தியானம் காய் நறுக்குறப்ப சும்மா கேளுங்க, "அத்தை, நீங்களும் மாமாவும் கல்யாணமான புதுசுல செகண்ட் ஷோ போயிருக்கீங்களா?" உங்க அத்தை வயசுக்கு இந்த ஊர்ல செகண்ட் ஷோ பாக்காதவங்க ரொம்பக் கம்மி. ஆசியாவுலயே பெரிய தியேட்டர்னு பேர் வாங்குன தங்கம் தியேட்டர் இருந்த ஊரும்மா இது. படம் விட்டு நடு ராத்திரி நடந்து வந்தது, வழியில இட்லிக்கடையில சாப்பிட்டது, அவங்க மாமியார் கதவத் திறக்காம அரை மணி நேரம் நிக்க வச்சதுன்னு ஏதாவது ஒரு கதை வரும். என் கிட்ட ஆலோசனைக்கு வந்த ஒரு பொண்ணு இப்படிக் கேட்டப்ப அவங்க மாமியார் பழைய கதைய சொல்லி முடிச்சுட்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு, "சரி, போறப்ப கதவுக்கு வெளிப்பூட்டு போட்டுட்டுப் போ, எனக்கு எந்திரிச்சு வந்து திறக்க முடியாது"ன்னு சொன்னாங்களாம். அவ்வளவுதான் அனுமதி. உங்க வீட்டுல அப்படி நடக்காமயும் போகலாம், அத்தைக்குக் கோவம் இருந்தா இருக்கட்டும், ராத்திரி சமையல செஞ்சு வச்சுட்டு, எத்தனை மணிக்கு வருவோம்னு சொல்லிட்டு, சொன்ன நேரத்துக்கு வாங்க. ரெண்டு மாசம் அப்படி தவறாம வந்தா அவங்க பேச்சு குறையும். மாசத்துல ஒரு நாள் அவங்களையும் மாமாவையும் கூட்டிட்டு தெப்பக்குளத்துக்கோ கோயிலுக்கோ போங்க, ஆனா உங்க புதன்கிழமைக்குள்ள அவங்கள சேர்க்காதீங்க, அத நல்ல மருமகள்னு பேர் வாங்குறதுக்காக விட்டுக் குடுத்துடாதீங்க.

அவரோட பிரெண்ட்ஸ். இத கொஞ்சம் அழுத்தியே சொல்றேன். அந்த சபைய நிறுத்தணும்னு நினைக்காதீங்க. பகல் பூரா கடையில நின்னுட்டு வர்ற மனுஷனுக்கு சின்ன வயசு கூட்டாளிங்களோட ஒரு டீ வேணும், அது உங்க இடத்த பிடுங்கிக்கலை. ஆனா வாரத்துல ஆறு ராத்திரியும் அங்கயேன்னா அது அதிகம்தான், அத நீங்க சொல்லலாம், சொல்லணும். மூணு நாள் அவங்களுக்கு, ஒரு நாள் உங்களுக்கு, மிச்சம் வீடுன்னு கேளுங்க. அந்தக் கூட்டாளிங்க வீட்டுலயும் உங்கள மாதிரி பொண்ணுங்க உக்காந்து போன பாத்துட்டுத்தான் இருப்பாங்க, அவங்க நம்பர வாங்குங்க, ஒரு தடவை நாலு ஜோடியும் சேர்ந்து கறிதோசைக்குப் போங்க. புது ஊர்ல உங்களுக்குன்னு ஒரு தோழி கிடைக்கிறது, வீட்டுக்காரர் வெளிய கூட்டிட்டுப் போறத விட பெரிய விஷயம் சில நேரம்.

குடிப் பழக்கம் பத்தி எழுதியிருந்தீங்க. அந்தக் கேள்விய இதோட கலக்காதீங்கம்மா. அவர வேவு பாக்குறதுக்காக பரோட்டாக்கடைக்குக் கூட வர்றேன்னு கேட்டீங்கன்னா அவருக்கு அது தெரிஞ்சுடும், அப்புறம் எந்தக் கடைக்கும் கூட்டிட்டுப் போக மாட்டாரு. ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம், அவர் தெளிவா இருக்கிறப்ப, கதவ சாத்திட்டு நேரா கேளுங்க, "குடிக்கிறீங்களா, எவ்வளவு, எப்பெப்ப, குடிச்சுட்டு வண்டி ஓட்டுறீங்களா?" கடைசி கேள்விக்கு ஆமான்னு பதில் வந்தா அதுக்கு மட்டும் சமாதானம் ஆகாதீங்க. பதில் உங்களுக்கு பயமா இருந்தா மறுபடி எனக்கு எழுதுங்க, இல்ல ரெண்டு பேரும் நேர்ல வாங்க.

முதல் புதன்கிழமையே எல்லாம் நான் சொன்ன மாதிரி நடக்காது. கடையில திடீர்னு லோடு வந்து நிக்கும், நீங்க அலங்காரம் பண்ணிட்டு மூட்டைக்கு நடுவுல ஒன்பதரை வரைக்கும் உக்காந்திருப்பீங்க, பள்ளியறை முடிஞ்சு கோயில் சாத்தியிருக்கும். அன்னிக்கு முகத்த தூக்கி வச்சுக்காம பருத்திப்பால் மட்டும் குடிச்சுட்டு வீட்டுக்கு வாங்க, அடுத்த வாரமும் போங்க. நாலு புதன்கிழமை போயும் அவர் மனசில்லாம வர்ற மாதிரி இருந்துச்சுன்னா மட்டும் அவர் கிட்டயே கேளுங்க, எந்தக் கிழமை, எந்த நேரம் அவருக்குத் தோதுன்னு. சில பேருக்கு ராத்திரி ஆகாது, விடியக்காலையில சந்தோஷமா வருவாங்க.

இன்னிக்கு ராத்திரி அவர் வந்ததும் புதன்கிழமை எத்தனை மணிக்கு கடை எடுத்து வைப்பீங்கன்னு மட்டும் கேட்டு வச்சுக்கங்க. ஏன்னு கேட்டா சொல்லுங்க, நான் அங்க வர்றேன்னு. கோயில் வாசல்ல குடுக்கிற போன் டோக்கன நீங்க வாங்கி உங்க பர்ஸ்ல வச்சுக்கங்க, அவர் சட்டைப் பையில போட்டா வேட்டி மடிச்சுக் கட்டுற சாக்குல எங்கயாவது விட்டுடுவாரு.